தில்லி ஹாட்டில் வாங்கிய நாத்துவாராப் பசுக்கள்

பதினொரு பசுக்கள், இரண்டு கன்றுகள், நடுவில் ஒரு கதம்ப மரம். கண்ணன் மட்டும் இல்லை. வீட்டில் பிரித்துக் காட்டியதும் என் மாமியார், "கிருஷ்ணர் இல்லாத படத்துக்கா ஒன்பதாயிரம் ரூபாய்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இது பிச்வாய். ராஜஸ்தானில் உதய்ப்பூருக்கு வடக்கே உள்ள நாத்துவாராவில், ஸ்ரீநாத்ஜி என்று வணங்கப்படும் கிருஷ்ண மூர்த்திக்குப் பின்னால் தொங்கவிடும் ஓவியத் திரைச்சீலை. சாமி முன்னால் நிற்பதால் பல சீலைகளில் அவரை எழுதுவதே இல்லை. எங்கள் பித்தளைக் கிருஷ்ணனை இதன் முன் வைத்ததும், அத்தனை பசுவும் அவனையே அண்ணாந்து பார்க்கின்றன. மாமியார் அப்புறம் விலையைப் பற்றிப் பேசவில்லை.

தில்லியில் ஐ.என்.ஏ. பகுதியில் உள்ள கைவினைச் சந்தையான தில்லி ஹாட்டில் கடைகள் சுழற்சியில் மாறும். இந்த முறை சீலையை எழுதிய ஓவியரே கடையில் உட்கார்ந்திருந்தார். தீபாவளி கழிந்து வரும் வளர்பிறை அஷ்டமி, அதாவது கோபாஷ்டமிக்கான பசுச் சீலை இது என்றார். கண்ணன் கன்று மேய்ப்பதிலிருந்து பசு மேய்க்கத் தொடங்கிய நாள் அது. அதனால்தான் வெள்ளை உடம்பு முழுக்கச் செந்நிறக் கைத்தடங்கள், கொம்பில் மயிற்பீலி, கழுத்தில் மணி. நம் மாட்டுப் பொங்கல் அலங்காரம் போலவே இருக்கிறது.

வண்ணம் பற்றி அவர் மறைக்கவில்லை. சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம் ஆகிய தாதுக்கள், நீலத்துக்கு அவுரிச் செடியின் சாயம் என்று அரைத்துப் பிசின் சேர்த்து எழுதிய சீலைகளின் விலை பல மடங்கு. என்னுடையதில் பெரும்பகுதி போஸ்டர் கலர். தஞ்சாவூர்ப் படம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தங்கம் குறைவாகத் தெரியலாம். இங்கே புடைப்பு வேலை கிடையாது. எல்லா அழகும் கோட்டில்தான். ஒவ்வொரு பசுவின் கண்ணிலும் மை வளைவு வேறு வேறு. ஒன்று கன்றை நக்கும்போது பாதிக் கண் மூடியிருக்கிறது, அதற்காகவே ஒன்பதாயிரம் தகும். ஒரே பசு அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப வந்தால் அது பிரிண்டாக இருக்க வாய்ப்பு அதிகம், நன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

குறை என்றால், கீழ் ஓரம் நேராக இல்லை, துணியில் கஞ்சி வாசனை சில நாள் இருந்தது. சட்டம் போடக் கொடுத்த இடத்தில் கண்ணாடியை வண்ணத்தோடு ஒட்டவைத்து அழுத்திவிட்டார்கள். பிரித்து, நடுவில் இடைவெளி விட்டு மறுபடி போடச் சொன்னேன். நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈரத்துணி படவே கூடாது.

கோடைக்குத் தாமரைக் குளம் எழுதிய சீலை போடுவது நாத்துவாராவில் வழக்கமாம். அதே அளவில் ஒன்று எழுதித் தர அந்த ஓவியரிடமே முன்பணம் கொடுத்திருக்கிறேன். கரையில் இரண்டு பசு கட்டாயம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்.