அஸெராத்தா, டாம்ரியலா? ஒரு ரோல்பிளேக்காரனின் கணக்கு

பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டு ஒன்றில், எங்கள் கில்டில் (ஆட்டக்காரர் குழு), ஒரு ட்ரனாய் (எரெதார் இனத்தின் ஒரு கிளை) பூசாரிப் பாத்திரத்தின் கடந்தகாலம் செல்லுமா செல்லாதா என்று மூன்று இரவுகள் வழக்கு நடந்தது. எழுதியவர் பழைய ஆள். 2002இல் வந்த மூன்றாம் வார்கிராஃப்டின் கையேட்டைக் காகிதத்தில் படித்தவர். அந்தக் கையேட்டில் எரெதார் என்பது ஆதியிலிருந்தே தீய இனம். அப்படிப்பட்ட கூட்டத்தில் பிறந்து திருந்திய ஒரே ஆள் தன் பூசாரி என்று இரண்டு பக்கத்துக்கு உருக்கமாக எழுதியிருந்தார். கில்டின் லோர் அதிகாரி (லோர் என்றால் விளையாட்டு உலகின் கதை வரலாறு; ஆம், அப்படி ஒரு பதவி உண்டு) அது 2007இலேயே ரத்தாகிவிட்ட வரலாறு என்றார். ஒரு வாரத்துக்குள் திருத்தி எழுத வேண்டும், இல்லையென்றால் விலக வேண்டும் என்று தீர்ப்பானது. அவர் விலகினார். நான்கு மாதம் கழித்து நானும் மூட்டை கட்டினேன்.

வழக்கு நடந்த இடம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் (அதன் உலகம் அஸெராத்), ஐரோப்பாவின் ஆர்ஜெண்ட் டான் சர்வர். மூட்டையை இறக்கிய இடம் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் (அதன் கதை நிலம் டாம்ரியல்). வார்கிராஃப்டில் ஆறு வருடம் இருந்தேன், எல்டர் ஸ்க்ரோல்ஸுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டிலும் அரக்கர்களைக் கொன்ற நேரத்தைவிட மதுச்சாலையில் உட்கார்ந்து வசனம் தட்டிய நேரம்தான் அதிகம். ரோல்பிளே என்பது அதுதான். பாத்திரத்தை வைத்து ஆடுவதோடு நில்லாமல் பாத்திரமாகவே பேசுவது. புதிதாக வருகிறவர்கள் எங்கே போகலாம் என்று கேட்டால் என் பதில் டாம்ரியல் பக்கமே சாயும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட வேண்டாம்.

சில்லறை விஷயங்களை முடித்துவிடலாம். வார்கிராஃப்டுக்கு மாதச் சந்தா, ஏறக்குறைய 15 டாலர். எல்டர் ஸ்க்ரோல்ஸை 2015 மார்ச் முதல் ஒருமுறை வாங்கினால் போதும். சந்தா உண்டு, கட்டாயமில்லை. அதற்குப் பதிலாக அதன் கடை ஓயாமல் கூவிக்கொண்டே இருக்கும். எது அழகு என்பது அவரவர் கண். இந்தியாவிலிருந்து ஆடுகிறவருக்கு இரண்டிலும் ஒரே தொல்லைதான்: மத்திய ஐரோப்பிய நேரம் இரவு எட்டுக்கு நிகழ்ச்சி என்றால் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. இணைய வேகம் பற்றிக் கவலை வேண்டாம். வாள் வீச்சுக்குத்தான் மில்லி வினாடிகள் முக்கியம், வசனத்துக்கு இல்லை.

கூட்டம் என்று பார்த்தால் வார்கிராஃப்டின் பக்கத்தில் நிற்க எல்டர் ஸ்க்ரோல்ஸால் முடியாது. 2004 நவம்பரில் தொடங்கிய விளையாட்டு. ரோல்பிளேக்கென்றே தனி சர்வர்கள் வைத்திருக்கிறது. ஸ்டார்ம்விண்ட் நகரின் தேவாலயச் சதுக்கத்தில் சும்மா போய் நின்றாலே போதும், யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள். டோட்டல் ஆர்பி 3 என்ற ஆடானை (விளையாட்டோடு சேர்க்கும் துணை நிரல்) போட்டுக்கொண்டால், எதிரில் நிற்பவரின் கன்னத்துத் தழும்பு எந்தப் போரில் வந்தது என்பதுவரை படித்துவிடலாம். எல்டர் ஸ்க்ரோல்ஸிலோ ரோல்பிளே சர்வர் என்று ஒன்றே கிடையாது. ஐரோப்பாவுக்கு ஒரு மகா சர்வர், வட அமெரிக்காவுக்கு ஒன்று, அதற்குள் எல்லோரும். நாம் பூசாரியாக மந்திரம் ஓதிக்கொண்டிருக்கும்போது ஒருவர் நெருப்புக் கரடியில் ஏறி நம் தலைக்கு மேல் தாவிப் போவார். முதல் மாதம் நான் பேசியது பெரும்பாலும் சுவரோடுதான்.

அதை ஈடுகட்டும் ஏற்பாடு ஒன்று உண்டு. இங்கே ஒரு கணக்குக்கு ஐந்து கில்டுகள்வரை சேரலாம். வார்கிராஃப்டில் ஒரு பாத்திரத்துக்கு ஒரு கில்டுதான். சிறிய வேறுபாடாகத் தெரியும். ஒரே கில்டு என்றால் அதன் அதிகாரி சொல்வதே உங்களுக்கு உச்ச நீதிமன்றம். அவரோடு பிணங்கினால் நண்பர்கள், நிகழ்ச்சிகள், கதை எல்லாவற்றையும் சேர்த்து இழக்க வேண்டும். ஐந்து கில்டு என்றால் ஒரு வீட்டில் மனக்கசப்பு வந்தால் அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்காரலாம். நான் பார்த்தவரையில் இங்கே அதிகாரிகளின் குரல் சற்றுத் தாழ்ந்தே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் நான் இடம் மாறியதற்கு உண்மையான காரணம் பராமரிப்புச் செலவு. பணச் செலவைச் சொல்லவில்லை. ரோல்பிளேயில் நீங்கள் முதலீடு செய்வது பாத்திரத்தின் வாழ்க்கை வரலாற்றில். எந்த ஊர், என்ன குலம், எந்தப் போரில் அண்ணன் இறந்தான், யார் மேல் பகை. இதை எழுதி, பத்துப் பேரின் வரலாற்றோடு முடிச்சுப் போட்டு, வருடக்கணக்கில் பேசிப் பேசி மெருகேற்றுகிறோம். விளையாட்டு நிறுவனம் உலக வரலாற்றைத் திருத்தும்போது இந்த முடிச்சுகள் என்ன ஆகின்றன? புதிதாக வருகிறவர் எவரும் இதைக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

வார்கிராஃப்டில் வரலாறு மேலிருந்து வருகிறது. எரெதாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கையேட்டின்படி, அந்த இனத்தின் கொடுமையைக் கண்டு மனம் உடைந்ததும் சார்கெராஸ் என்ற டைட்டன் (தெய்வம் போன்ற பேராற்றல் கொண்டவர்) கெட்டுப்போனதற்கு ஒரு காரணம். 2007 ஜனவரியில் வந்த பர்னிங் க்ரூசேட் விரிவாக்கத்தில் இது தலைகீழானது: எரெதார் அறிவில் சிறந்த நல்ல இனம், கெட்டுப்போன சார்கெராஸ்தான் வந்து அவர்களைக் கெடுத்தான், மறுத்துத் தப்பியவர்களே ட்ரனாய். முரண்பாடு தன் தவறுதான் என்று கதையின் தலைமை ஆசிரியராக இருந்த கிறிஸ் மெட்ஸன் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். பெருந்தன்மைதான். ஆனால் அந்த ஒப்புதலுக்குப் பிறகு பழைய கதை ஒரு மாற்றுக் கதையாகக்கூட நிற்க முடியாது, அது பிழை. பிழையை நம்பி எழுதியவர் தவறு செய்தவர். எங்கள் பூசாரிக்கு நேர்ந்தது அதுதான்.

2016 மார்ச்சில் வார்கிராஃப்டின் உலக வரலாறு கெட்டி அட்டைப் புத்தகமாக வரத் தொடங்கியபோது கில்டுகளுக்கு அது வேதமாயிற்று. எல்லா வழக்குக்கும் பக்க எண் சொல்லித் தீர்ப்பு. சில வருடம் கழித்து, அந்த வரலாறு டைட்டன்களின் பார்வையில் சொல்லப்பட்டது, முழு உண்மை என்று கொள்ள வேண்டாம் என்று உருவாக்கியவர்களே சொன்னார்கள். வேதம் ஒரே நாளில் ஒரு தரப்பின் வாக்குமூலமாகச் சுருங்கியது. பக்க எண் சொன்னவர்களின் முகத்தைப் பார்க்க முடியாதது ஒரு குறைதான்.

2018இல் டெல்ட்ராசில் எரிந்தது. நைட் எல்ஃப் இனத்தின் தலைநகரான டார்னஸ்ஸஸைத் தாங்கி நின்ற பெருமரம் அது. அந்த ஊரில் ஆசிரியை, அந்த ஊரில் நெசவாளர் என்று எழுதிவைத்த எல்லோரும் ஒரே பேட்சில் (விளையாட்டுப் புதுப்பிப்பில்) அகதிகள். நியாயமாகச் சொன்னால் அதில் நல்ல ஆட்டமும் பிறந்தது. ஸ்டார்ம்விண்டில் அகதி முகாம் காட்சிகள் மாதக்கணக்கில் நடந்தன, சில கண்ணீர் வரவழைத்தன. புது மரமும் அதனடியில் புது ஊரும் அமைய ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது. என் பாத்திரம் மனிதன், அவனுக்கு வீடு எரியவில்லை. ஆனாலும் ஆறு வருடத்தில் அவன் வரலாற்றை நான்கு முறை திருத்தினேன், இரண்டு முறை பிறர் வரலாறு திருந்தியதால். பழைய ஓட்டு வீட்டில் மழைக்கு மழை ஓடு மாற்றுவது போன்ற வேலை.

டாம்ரியலில் ஓடு மாற்ற வேண்டியதில்லையா? குறைவு. காரணம், அங்கே வரலாறு அலமாரியில் இருக்கிறது. வீடு, கோபுரம், இடிபாடு எங்கு போனாலும் புத்தகங்கள். ஒவ்வொன்றையும் அந்த உலகத்து ஆள் ஒருவர் எழுதியிருக்கிறார், அவருக்கென்று ஒரு கட்சி இருக்கிறது. அவற்றைத் தேடிக் கண்டெடுத்தால்தான் மந்திரவாதிகள் சங்கத்தில் உங்கள் தகுதியே உயரும். லோர் பொறுப்பில் இருந்த லாரன்ஸ் ஷிக், ஆட்டக்காரர்களின் கேள்விகளுக்கு டாம்ரியல்வாசிகளின் குரலிலேயே பதில் எழுதச் செய்தார். எது சரி என்று கேட்டால், யாரைக் கேட்கிறாய் என்பது பதில்.

டார்க் எல்ஃப் இனத்தின் பழங்காலத் தலைவன் நெரெவார் எப்படி இறந்தான் என்பதைப் பாருங்கள். செம்மலைப் போருக்குப் பிறகு காயங்களால் இறந்தான் என்கிறது கோயில். கூட இருந்த மூவரும் சதி செய்து கொன்று, திருட்டுத்தனமாகத் தெய்வமானார்கள் என்கிறார்கள் சாம்பல்வெளி நாடோடிகள். இதே எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் 2002இல் வந்த மாரோவிண்ட் விளையாட்டிலேயே இரு கதைகளும் உண்டு. மூவரில் ஒருவரான விவெக் நேரில் கேட்டால் மறுப்பார். அவர் எழுதிய 36 போதனைகளுக்குள்ளோ ஒரு ஒப்புதல் வாக்குமூலம் குறியீடாக ஒளிந்திருக்கிறது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் மாரோவிண்ட் விளையாட்டின் கதைக்கு ஏறத்தாழ 740 வருடம் முந்தைய காலத்தில், இரண்டாம் யுகம் 582இல் நடப்பது. மூவரும் அரியணையில் இருக்கிறார்கள், சந்தேகப்படுவதே தெய்வநிந்தை.

விவெக் நகர மதுச்சாலையில் என் பாத்திரமான எழுத்தன் ஏடு படியெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாடோடிக் கிழவி உள்ளே வந்து அந்தக் கொலையைப் பற்றிப் பாட ஆரம்பித்தாள். கோயில் பூசாரி எழுந்தார். இரண்டு மணி நேரம். இருவரும் புத்தகங்களை மேற்கோள் காட்டினார்கள், மேசை புரண்டது, கடைசியில் காவலர் வேடத்தில் இருந்த ஒருவர் கிழவியை இழுத்துப் போனார். பிறகு வேடம் கலைத்து மூவரும் சிரித்தார்கள். எங்கள் பழைய கில்டில் மூன்று இரவு நடந்ததும் இதே சண்டைதான். அது பாத்திரத்துக்கு வெளியே நடந்தது. இது உள்ளே நடந்தது. ஏட்டுச்சுவடி பார்த்தவர்கள் பாடபேதம் என்பார்களே, இங்கே லோர் சண்டை அந்தக் கணக்கில் சேர்கிறது. அங்கே அது சட்டத் திருத்தம்.

நிறுவனம் பழையதை மாற்றும்போதும் இங்கே அதே வழிதான். 1998இல் வந்த ஒரு வழிகாட்டி நூல் டாம்ரியலின் சிரோடில் நாட்டை அடர்ந்த வெப்பக்காடு என்றது. 2006இல் அதே வரிசையின் ஆப்ளிவியன் விளையாட்டில் போய்ப் பார்த்தால் மிதமான சோலை. பிற்காலத்தில் தெய்வமான பேரரசன் டைபர் செப்டிம் தன் சக்தியால் நாட்டின் தட்பவெப்பத்தையே மாற்றினான் என்று ஒரு விளக்கம் இருந்தது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் நடப்பதோ டைபர் செப்டிம் பிறப்பதற்கும் முன்பு. அப்போதும் காடு இல்லை. என்ன செய்தார்கள்? விளையாட்டுக்குள் ஒரு சிறு நூலை வைத்தார்கள். பழைய நூலைப் படியெடுத்தவர் ஒரு சொல்லைப் பிழையாக எழுதியிருக்கலாம் என்று அதில் ஒரு அறிஞர் ஊகிக்கிறார். ஊகம் மட்டுமே. வெப்பக்காட்டை நம்பி எழுதியவர் தோற்கவில்லை. அவர் கையில் இருப்பது வேறு பிரதி. என் பாத்திரத்தை ஏடு படியெடுப்பவனாக வைத்ததே இதைப் படித்த பிறகுதான். வேண்டுமென்றே பிழை செய்வான்.

குறைகள் உண்டு, மறைக்க மாட்டேன். வருடக்கணக்காக எத்தனை விரிவாக்கம் வந்தாலும் காலண்டர் 582ஐ விட்டு நகர அடம்பிடித்தது. ஒரே வருடத்தில் டிராகன் படையெடுப்பும் வாம்பயர் சதியும் நடந்தால் எந்த ஊர்க்காரனுக்கும் தூக்கம் வராது. எல்லாமே பாடபேதம் என்ற தாராளம் சோம்பேறிகளுக்கும் வசதி. காலமே உடைந்து முரண்பட்ட வரலாறுகள் ஒருசேர உண்மையாகும் டிராகன் ப்ரேக் என்ற கருத்து இந்த உலகில் உண்டு; எதையும் எழுதிவிட்டு அதைக் காரணம் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லோர் போலீசும் இல்லாமல் இல்லை. முன்னாள் எழுத்தாளர் மைக்கேல் கிர்க்பிரைட் விளையாட்டுக்கு வெளியே எழுதியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாமா கூடாதா என்ற பேச்சை எடுத்துப் பாருங்கள், அமைதியானவர்களும் கை முறுக்குவார்கள். அந்தச் சண்டை பாத்திரத்துக்கு வெளியேதான் நடக்கிறது.

ஃபைனல் ஃபேன்டஸி 14 பற்றியும் கேட்கிறார்கள். நான் அங்கே இருந்தது ஐந்து மாதம், அதுவும் அரைகுறை, நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு இனத்துக்கும் பெயர் வைக்கும் விதியை லோர் குழுவே எழுதிக் கொடுத்திருக்கிறது, மிகோத்தே இனத்து ஆண் பெயரில் டியா வருமா நுன் வருமா என்பதுவரை. வழக்குகள் குறையும் என்று நினைத்தேன். பெயர் தவறு என்று சுட்டுகிறவர்கள்தான் கூடினார்கள். விளையாட்டுக்குள் வாங்கும் வீடு அழகு, ஆனால் 45 நாள் எட்டிப் பார்க்காவிட்டால் இடித்துவிடுவார்கள். பரீட்சை மாதம் உள்ள வீட்டுக்கு அது ஒத்துவராது. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைனை இரண்டு வாரம்தான் பார்த்தேன், ஒன்றும் சொல்லத் தகுதியில்லை.

ஆகவே, ரோல்பிளே என்றால் என்னவென்றே தெரியாதவரை முதல் இரண்டு மாதம் நான் வார்கிராஃப்டுக்கே அனுப்புகிறேன். பழகக் கூட்டம் வேண்டும். அங்கே வாழ்க்கை வரலாற்றை ஆறு வரியில் நிறுத்துங்கள், தலைவர்களின் பெயரையோ பெரிய போர்களையோ தொடாதீர்கள், சொந்த ஊர் சிறு கிராமமாக இருக்கட்டும். பெரிதாக எழுத ஆசை வந்துவிட்டால் அப்போது டாம்ரியலுக்கு வாருங்கள்.

வார்கிராஃப்டில் 20ஆம் நிலைவரை ஆட்டம் இலவசம். எப்போதாவது குள்ளர் இனப் பாத்திரம் ஒன்றை உருவாக்கி, அவர்களின் தலைநகரான அயர்ன்ஃபோர்ஜின் அரியணை மண்டபத்துக்குப் போவேன். 2010 அக்டோபரில் வார்கிராஃப்ட் நிறுவனத்தின் ரசிகர் மாநாடான ப்ளிஸ்கானில் மேடையில் இருந்தவர்களிடம், குள்ளர் சபையில் குள்ளர் தலைவர் ஃபால்ஸ்டாட் ஏன் இல்லை என்று சிவப்புச் சட்டை போட்ட ஒரு இளைஞர் எழுந்து கேட்டார். அவர்தான் இறந்துவிட்டாரே என்று மேடை சொன்னது. இல்லை, இத்தனை வருடம் உங்கள் விளையாட்டிலேயே ஏரி பீக் என்ற ஊரில் தலைவராக நின்றாரே என்றார் அவர். டிசம்பரில் விரிவாக்கம் வந்தபோது ஃபால்ஸ்டாட் சபைக்கு வந்துவிட்டார். பக்கத்தில் சிவப்புச் சட்டையில் உண்மை சரிபார்ப்பவர் என்ற பட்டத்தோடு ஒரு சின்னக் குள்ளன். இன்னும் அங்கேதான் நிற்கிறான். எங்கள் பூசாரிக்காரரின் சார்பில் ஒரு வணக்கம் போட்டுவிட்டு வெளியேறிவிடுவேன்.