குதிகால் வெடிப்புக்கு மூன்று வருடமாக யூரியா கிரீம்

மதுரையில் ஒரு துணிக்கடையில், சேலைப் பிரிவில் பதினோரு வருடமாக நிற்கிறேன். காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பதரை வரை டைல்ஸ் தரையில் வெறுங்கால். குதிகால் ஓரமெல்லாம் வெடிப்பு, பெருவிரலுக்குக் கீழே காய்ப்பு. சேலையை விரித்துக் காட்டும்போது பட்டு இழை வெடிப்பில் மாட்டிக்கொள்ளும்.

பித்தவெடிப்பு என்ற பெயரை நம்பி உடம்புச் சூடு தணிய வெந்தயமும் மோரும் குடித்தேன். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசியதில் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது, தடிப்பு அப்படியே இருந்தது. பெரிய தவறு பிளேடுதான். காய்ப்பைச் சீவினால் இரண்டு நாள் மெத்தென்று இருக்கும், அப்புறம் முன்னைவிடக் கெட்டியாகும். ஒருமுறை ஆழமாக வெட்டிச் சீழ் வைத்துவிட்டது.

அப்போதுதான் தோல் மருத்துவரிடம் போனேன். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது என்றார். எடை அழுத்த அழுத்தத் தோல் தடிக்கும், தடித்துக் காய்ந்த தோல் வளைய முடியாமல் வெடிக்கும். அவர் எழுதிக் கொடுத்தது 20 சதவீத யூரியா கிரீம். தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், தடிப்பையும் இளக்கும். ரத்தம் தெரியும் வெடிப்பில் பட்டால் சுரீரென்று எரியும். அதனால் முதல் வாரம் வாசலின் மட்டும், ஆறிய பிறகே கிரீம்.

இரவு வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் வைப்பேன். வாரம் இரண்டு முறை பியூமிஸ் கல்லால் லேசாகத் தேய்ப்பேன். துடைத்த கையோடு, ஈரப்பதம் போவதற்குள் கிரீம் பூசிப் பருத்தி சாக்ஸ் போட்டுவிடுவேன். விரல் இடுக்கில் மட்டும் பூசுவதில்லை, அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

ஆறாவது வாரம் குதிகால் சேலையில் மாட்டவில்லை. இரண்டாம் வருடம் 10 சதவீதத்துக்கு மாறினேன். தீபாவளி வியாபாரத்தில் மூன்று வாரம் பூசாமல் விட்டேன், வெடிப்பு திரும்ப வந்தது. பிசுபிசுப்பும் உண்டு, சாக்ஸ் இல்லாவிட்டால் போர்வையெல்லாம் ஒட்டும்.

காய்ப்பு கிரீமால் முழுசாகப் போகவில்லை. முதலாளியிடம் கேட்டு, கடைக்குள் மெத்தையுள்ள, குதிகாலை மூடிய செருப்பு போட ஆரம்பித்த பிறகுதான் குறைந்தது. ஆள் இல்லாத நேரம் ஸ்டூலில் உட்காருகிறேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தமே வந்திருக்கிறது. என்னைப் போல நிற்கும் பெண்கள் தயங்காமல் உட்காருங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அவர் கால் ஆணி பிளாஸ்டர் வாங்கி ஒட்டப் போனபோது தடுத்துவிட்டேன். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் பக்கத்திலுள்ள நல்ல தோலையும் அரித்துவிடும், மரத்த காலுக்கு அது தெரியாது. மருத்துவரைக் கேட்டு, அவருக்கு 10 சதவீத கிரீமை நானே பூசிவிடுகிறேன். பூசும்போதே எங்காவது புண் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.