கோட்டாற்றுத் தீவனக் கடை: காணம் வாங்கலாம், ‘குதிரைக் கலவை’ வேண்டாம்

நாகர்கோவில் கோட்டாறு சந்தைப் பக்கம் தவிடும் புண்ணாக்கும் விற்கும் இந்தக் கடையில் குதிரைக்கு நம்பி எடுக்கக்கூடியது காணம். கொள்ளு என்ற பயறை இங்கே காணம் என்றுதான் கேட்க வேண்டும். மணி ஒரே அளவு, கல் குறைவு, வண்டு துளைத்தது அரிது, கையில் தேய்த்து முகர்ந்தால் மக்கல் வாடை இல்லை. புரதம் 22 சதவீதம் அளவுக்கு இருப்பதால் 300 கிலோ மட்டக்குதிரைக்கு நாளைக்கு அரைக் கிலோ தாராளம். இரவு ஊறவைத்து, விரலால் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து, ஆறவிட்டுக் கொடுங்கள். பச்சையாகப் போட்டால் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் சேர்ந்தே உள்ளே போகும். வெந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். நம்மூர் வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும்.

‘குதிரைக் கலவை’ என்று கட்டி வைத்திருக்கும் மூட்டையை வாங்காதீர்கள். பாதிக்கு மேல் கோதுமைத் தவிடு. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச்சத்து அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கூடவே கோ-4 மாதிரி நேப்பியர் புல்லை வெட்டிப் போடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து: அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பு, இருக்கிற சுண்ணாம்புச்சத்தையும் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும். முதலில் கால் மாற்றி மாற்றி நொண்டும், பிறகு முகத்து எலும்பு புடைக்கும். அதற்கப்புறம் மாட்டுக்கு ஆகும் தவிடு குதிரைக்கு ஆகாதா என்று கேட்பதில் பயனில்லை.

மிச்சம் மக்காச்சோள மாவு. ஓட்ஸ் போட்ட அதே படியால் மக்காச்சோளத்தை அளந்தால் ஏறக்குறைய இரட்டிப்புச் சக்தி போய்விடும். ஆகவே படி வேண்டாம், தராசு வையுங்கள். சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து வயிற்றுவலியையும் குளம்பு அழற்சியையும் கொண்டுவரும். மட்டக்குதிரைக்கு எல்லாத் தானியமும் சேர்த்து வேளைக்கு 1 கிலோவைத் தாண்டக் கூடாது, புல் எப்போதும் முன்னால் கிடக்க வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய குறை, கலவையை அரைப்பது கோழித்தீவனம் அரைக்கும் அதே மிஷினில். கோழிக்குச் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் சிறிதளவு ஒட்டியிருந்தாலும் குதிரையின் இதயத் தசையைக் கெடுத்து உயிரை எடுக்கும். மிஷினைத் துடைத்துவிட்டோம் என்ற பதிலை நம்பி மூட்டையை ஏற்றாதீர்கள்.

தேங்காய்ப் புண்ணாக்கு பரவாயில்லை. மாவுச்சத்து குறைவு, இளைத்த குதிரைக்கு நல்லது. நனைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. காறல் வாடையோ பூஞ்சையோ தெரிந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள், வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது. மழைக்காலத்தில் பத்து நாளைக்கு மேல் சரக்கு எடுக்காதீர்கள். பழைய தீவனத்திலிருந்து மாறவும் அதே பத்து நாள், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக.