கெட்டி திரவத்துக்கான பிப்பெட் என்று விற்க வந்தால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் சின்ன லேப் நடத்துபவர்களும் கல்லூரி ஆய்வகத்துக்குச் சாமான் வாங்குபவர்களும் கவனிக்கவும். கோயம்புத்தூரிலிருந்து மலைக்கு வந்து ஆர்டர் எடுக்கும் ஒரு விற்பனையாளர் எங்களை ஏமாற்றிவிட்டார். பெயரை இங்கே போட முடியாது. ஆனால் அவர் ஏமாற்றிய விதத்தைத் தெரிந்துகொண்டால் நீங்கள் தப்பிக்கலாம்.

எங்கள் ஊட்டி லேபில் உயிர் உரத்துக்கான நுண்ணுயிர்களைக் கிளிசரால் என்ற பிசுக்கான திரவத்தில் கலந்து உறைய வைக்கிறோம். கிளிசரால் அளக்க ஒரு நல்ல பிப்பெட் (சிறிதளவு திரவத்தை உறிஞ்சி அளந்து ஊற்றும் கருவி) வேண்டும் என்று கேட்டோம். “கெட்டி திரவத்துக்குன்னே வந்த மாடல் மேடம், தேன், எண்ணெய் எதுவானாலும் துல்லியமா எடுக்கும்” என்றார். கொட்டேஷனிலும் அப்படியே எழுதித் தந்தார். சாதாரண பிப்பெட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை.

வந்த பிப்பெட்டில் கிளிசரால் ஊற்றிய குழாய்களை ரேக்கில் அடுக்கினால், திரவ மட்டம் ஒன்றுக்கொன்று வேறாக இருப்பது கண்ணுக்கே தெரிந்தது. உடனே தராசில் வைத்தோம். ஒரு மில்லி கிளிசரால் 1.26 கிராம் இருக்க வேண்டும். எங்களுக்கு 1.1 கிராமைச் சுற்றியே வந்தது, அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி.

கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. “மலை மேல காத்தழுத்தம் கம்மி மேடம், எல்லா பிப்பெட்டும் அப்படித்தான்.”

இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. சாதாரண பிப்பெட்டில் பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் நடுவே காற்று இருக்கிறது. 2240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம் கூடுதலாக விரியும், திரவம் கொஞ்சம் குறைவாக ஏறும். ஆனால் அதே பிப்பெட்டில் அதே மேஜையில் காய்ச்சி வடித்த நீரை (வடிநீர்) அளந்தோம், ஏறக்குறைய சரியாக வந்தது. மலைதான் காரணம் என்றால் நீரும் அவ்வளவு குறைந்திருக்க வேண்டாமா? இதற்கு அவரிடம் பதில் இல்லை.

உண்மையான காரணம், அது சாதாரணக் காற்றுப் பிப்பெட். 20 டிகிரியில் கிளிசரால் நீரைவிட ஏறக்குறைய 1400 மடங்கு பிசுக்கானது. நம் ஊர்க் குளிரில் 10 டிகிரிக்கு இறங்கினால் அதுவே இரண்டரை மடங்குக்கு மேல் கெட்டியாகிவிடும். பிப்பெட் முனையில் மாட்டும் டிப்பில் (பிளாஸ்டிக் குழல்) மெதுவாகத்தான் ஏறும், வெளியே தள்ளும்போது சுவரில் ஒட்டி நிற்கும். கெட்டி திரவத்துக்கென்றே உள்ளது பாசிட்டிவ் டிஸ்ப்ளேஸ்மென்ட் பிப்பெட். அதில் ஊசி சிரிஞ்சு மாதிரி டிப்புக்குள்ளேயே பிஸ்டன் இருக்கும், நடுவில் காற்றே கிடையாது. டிப்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பிஸ்டன் இல்லாத வெறும் குழல் என்றால் அட்டைப்பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் நம்ப வேண்டாம்.

கூடவே தந்த சான்றிதழையும் பாருங்கள். எங்களுடையதில் 25 டிகிரியில் நீரை வைத்துச் சோதித்ததாக இருந்தது. பிப்பெட் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8655 முறையே வடிநீரை வைத்துத்தான், அதில் தப்பில்லை. 1000 மைக்ரோலிட்டருக்கு, அதாவது ஒரு மில்லிக்கு, 8 மைக்ரோலிட்டர் வரை கூடவோ குறையவோ அனுமதி. ஆனால் நீரில் பாஸானதைக் காட்டி கிளிசராலுக்கு உத்தரவாதம் கொடுப்பது மோசடிதான். உங்கள் லேபிலேயே, உங்கள் திரவத்தையே, நல்ல தராசில் பத்து முறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் ஆர்டர் போடாதீர்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இருக்கும் சாதாரணப் பிப்பெட்டிலேயே ஓரளவு சரியாக எடுக்கலாம். பிப்பெட் பட்டனை அழுத்தும்போது இரண்டு இடங்களில் தடைபட்டு நிற்கும், அவைதான் ஸ்டாப். இரண்டாவது ஸ்டாப் வரை அழுத்தி, டிப் நுனியைத் திரவத்தில் வைத்து பட்டனை மிக மெதுவாக விடுங்கள். ஏறி முடியும் வரை டிப்பை வெளியே எடுக்காமல் காத்திருங்கள். அப்புறம் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, முதல் ஸ்டாப் வரை மட்டும் மெதுவாகத் தள்ளுங்கள். டிப்பில் மிஞ்சுவது அளவில் சேராது. சுத்தமான பிளேடால் நுனியைக் கொஞ்சம் வெட்டினால் இன்னும் நன்றாக ஏறும். துல்லியம் கட்டாயம் என்றால் நாங்கள் இப்போது எடை போட்டே எடுக்கிறோம்.

பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பணம் இன்னும் வரவில்லை. கொட்டேஷன், பில், எடைக் குறிப்பு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு லேப் நடத்துபவர்கள் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகார் தரலாம். தேசிய உதவி எண் 1915. இதே மாதிரி பிப்பெட் உங்களுக்கும் வந்திருந்தால் அதில் கிளிசராலை எடுத்து எடை போட்டுப் பார்த்து எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.