தொட்டுக்க மட்டும் போதும்

மதுரை விமான நிலையத்தில் பெல்ட் சுற்றி நின்றுவிட்டது, என் பெரிய பெட்டி வரவில்லை. லண்டனில் ஏற்றினார்களா, கொழும்பில் விட்டுவிட்டார்களா என்று கவுண்டரில் யாருக்கும் தெரியவில்லை. புடவைகள் போனால் போகட்டும், அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். புரோட்டீன் பவுடர் மொத்தமும் அதற்குள்தான் இருந்தது.

ஐந்து மாதத்துக்கு முன் பர்மிங்காமில் எனக்கு எடைக்குறைப்பு ஆபரேஷன் நடந்தது. ஸ்லீவ் என்பார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழ அளவுக்கு ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். இந்தக் குழாய்க்குள் தினமும் 60 முதல் 80 கிராம் புரதம் போக வேண்டும். போகாவிட்டால் கொழுப்போடு சேர்த்துத் தசையும் கரையும், ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கும் முடி இன்னும் கொட்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் ஆக வேண்டும். தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் கடைசியில் சோறு. கடைசி விதியை மதுரையில் ஒரு கல்யாண வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

அக்காவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். மற்றவர்களிடம் 'வயித்துல ஒரு சின்ன ஆபரேஷன்' என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அத்தை என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "சுகர் வந்துருச்சாடி?" என்று கண் கலங்கினாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெட்டி வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் பவுடர் தேடி அலைந்தேன். தெருமுனை மெடிக்கலில் கேட்டதும் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்கள். திருப்பிப் படித்தால் சேர்மானத்தில் முதல் பெயரே சர்க்கரை. பொதுவாக எது அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் எழுதுவார்கள், அதனால் டப்பாவின் முகப்பைப் பார்க்காமல் முதுகைப் பாருங்கள். அடுத்த மெடிக்கலிலும் அதே கதை, சாக்லேட் வாசனை மட்டும் கூடுதல். கடைசியில் அக்கா மகன்தான் ஜிம்முக்குப் போகிற பையன்கள் வாங்கும் கடைக்குக் கூட்டிப்போனான். சுவரெல்லாம் புஜம் காட்டும் போஸ்டர்கள். கவுண்டரில் இருந்த தம்பி என்னையும் என் முழங்கை வரை தொங்கிய அக்காவின் ஜாக்கெட்டையும் பார்த்துவிட்டு, "பையனுக்காக்கா?" என்றான். எனக்குத்தான் என்றதும் ஒரு விநாடி யோசித்தான். சிரிக்கவில்லை. இரண்டு கிலோ வாளியைத் தலையில் கட்டாமல், ஒரு வேளைக்கான சின்ன பாக்கெட்டுகளைக் காட்டி, "மொதல்ல ஒத்துக்குதான்னு பாருங்கக்கா" என்றான். சீல் உடையாமல் இருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கவும் அவனே சொல்லிக்கொடுத்தான். இந்தப் பயணத்தில் கிடைத்த நல்ல சேவைகளில் இதற்கு இரண்டாம் இடம்.

முதல் இடம் பரோட்டா கடைக்கு.

முதல் நாள் இரவு ஒரு பெரிய ஏசி ஓட்டலுக்குப் போயிருந்தோம். எனக்கு அரை பிளேட் மீன், சோறு வேண்டாம் என்றேன். அரை பிளேட் இல்லை என்றார் சர்வர். சரி, முழுசாகவே கொடுங்கள், மீதியைக் கட்டிக்கொள்கிறேன் என்றால், மீல்ஸ் எடுக்காமல் மீன் மட்டும் பில் போட முடியாதாம். மேனேஜர் வந்து அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். கடைசியில் மீல்ஸ் வாங்கி, சோற்றை அக்கா மகனிடம் தள்ளிவிட்டேன். பர்மிங்காமில் ஆஸ்பத்திரி ஒரு அட்டை கொடுத்திருக்கிறது. இவருக்குச் சிறிய அளவு பரிமாற உதவுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். எடுத்து நீட்டலாமா என்று நினைத்தேன். பெட்டியோடு அதுவும் போயிருந்தது.

மறுநாள் இரவு தெருமுனைப் பரோட்டா கடை. வெளியே கல், பக்கத்தில் சால்னா அண்டா, எண்ணெய் படிந்த ஸ்டூல்கள். "அண்ணே, பரோட்டா வேணாம், கலக்கி மட்டும்" என்றேன். மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டம்ளரில் இரண்டு முட்டையை உடைத்தார், அதிலேயே ஒரு சின்னக் கரண்டி சால்னா, மிளகுத்தூள், உப்பு. நாலு அடி அடித்துக் கல்லில் ஊற்றினார். ஓரம் பிடிக்கத் தொடங்கியதுமே நாலு பக்கமும் மடிக்கப் போனவரை நிறுத்தி, "உள்ள நல்லா வேகணும்ணே, வயித்துல ஆபரேஷன்" என்றேன். "அப்ப அது கலக்கி இல்லம்மா, ஆம்லெட்டு" என்றார் வருத்தமாக. ஆனாலும் தீயைக் குறைத்து, ஒரு தட்டை மேலே கவிழ்த்து மூடி, ஆவியிலேயே வேகவிட்டார். திறந்தபோது இட்லி மாதிரி மெத்தென்று இருந்தது. சின்ன ஸ்பூனால் ஓரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டு முடிக்க இருபது நிமிடம் ஆனது. யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. இரண்டு முட்டைக்கு 12 கிராம் புரதம், அதுவும் நெஞ்சில் நிற்காமல் இறங்கும் பக்குவத்தில். பர்மிங்காமில் இத்தனை மாதமாக நானே கிண்டிக்கொண்டிருக்கும் முட்டைப் பொரியலை இனி எந்த முகத்தோடு சாப்பிடுவேனோ!

அன்றைக்குத்தான் எனக்கு ஊர்க் கணக்கு பிடிபட்டது. நம் ஊரில் புரதத்துக்குப் பஞ்சமே கிடையாது. நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக முட்டை வருகிறது, பள்ளிக்கூடத்துச் சத்துணவிலேயே முட்டை உண்டு. ஆனால் முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எல்லாவற்றுக்கும் நம் தட்டில் ஒரே பெயர்தான்: தொட்டுக்க. அதை மட்டும் கேட்டால் பெரிய கடைக்குக் கணக்கு இடிக்கிறது, சின்னக் கடைக்கு இடிப்பதில்லை. டீக்கடையில் அவித்த முட்டை ஒன்று கேட்டால் ஒன்று கிடைக்கும், சாயங்காலத் தள்ளுவண்டியில் பத்து ரூபாய்க்குச் சுண்டல் கேட்டால் பத்து ரூபாய்க்குத் தருவார்கள். என் வயிறு இப்போது அந்த அளவில்தான் இருக்கிறது.

ஒரு நாள் கணக்கு ஏறக்குறைய இப்படி ஓடியது. காலையில் அவித்த முட்டை இரண்டு, 12 கிராம். பதினொரு மணிக்கு ஆவின் நீலப் பாக்கெட் பால் ஒரு டம்ளரில் பவுடர் கலந்து, இரண்டும் சேர்த்து 27 வாக்கில். மதியம் முள் நீக்கிய மீன் துண்டு ஒன்று, 12. சாயங்காலம் கொஞ்சம் சுண்டல், 5. இரவு பரோட்டா கடை, 12. கூட்டினால் 68. இதே புரதத்தை இட்லியில் எடுக்க வேண்டுமென்றால் முப்பது இட்லிக்கு மேல் தின்ன வேண்டும். எனக்கு ஒன்றே முக்கால் தாண்டாது.

வெயில்தான் படுத்தியது. மடக்மடக்கென்று தண்ணீர் குடிக்க என்னால் முடியாது. சித்திரைத் திருவிழா நீர்மோர்ப் பந்தல்கள்தான் காப்பாற்றின, ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டு தெரு முழுக்க உறிஞ்சியபடியே நடப்பேன். பானகத்தைத் தொடவில்லை, அவ்வளவு வெல்லம் ஒரே அடியாகப் போனால் எனக்குப் படபடப்பு வந்துவிடும்.

முகூர்த்தத்தன்று பந்தியில் உட்கார்ந்தேன். பருப்பும் கூட்டும் மட்டும் போதும் என்றதற்குப் பரிமாறின பையன், "பருப்பு சோத்துக்குத்தானக்கா ஊத்துவோம்?" என்று வாளியோடு அப்படியே நின்றான். பின்னாலேயே வந்த சோற்று வாளி என் கை மறிப்பதற்குள் கவிழ்த்துவிட்டது. கேட்டரிங் ஆட்களைக் குறை சொல்ல முடியாது, இலை காலியாகத் தெரிந்தால் அவர்களுக்கல்லவா திட்டு விழும்!

தப்பு நடந்தது மறுநாள் கறிவிருந்தில், அதுவும் என்னால்தான். நெஞ்செலும்பு சூப்போடு நிறுத்தியிருக்கலாம். அத்தை ஊட்டிவிட வந்தாள், ஆசையில் ஒரு சுக்காத் துண்டைச் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குழியில் கல்லை வைத்த மாதிரி அடைத்தது, வாயெல்லாம் நுரை நுரையாக எச்சில். பாத்ரூமில் அரை மணி நேரம் கழித்துத்தான் அது வெளியே வந்தது. கதவுக்கு வெளியே சோடா பாட்டிலோடு அத்தை. இந்த வயிற்றுக்குச் சோடாவும் ஆகாது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

அடுத்த வாரம் ரத்தம் பரிசோதித்துக்கொண்டேன். லேபில் சொன்னதும் காலை ஆறரைக்கு ஒரு பெண் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போனாள், சாயங்காலம் வாட்சப்பில் ரிசல்ட். ரத்தத்தில் இருக்கும் புரதமான ஆல்புமின் சரியாக இருந்தது, இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு, பி12 விளிம்பில். பர்மிங்காமில் இதற்கு ரத்தம் எடுக்க ஒரு நாள், ரிசல்ட் இன்னொரு நாள், பேச நேரம் வேறொரு நாள்.

கிளம்பும் முந்தின இரவு பரோட்டா கடைக்குப் போனேன். நான் வாயைத் திறக்கவில்லை. மாஸ்டர் இரண்டு முட்டையை உடைத்துக்கொண்டே உள்ளே பார்த்து, "டேய், அந்த மூடித் தட்டை எடு" என்றார்.