பழைய விறாந்தையும் மயில்நீலச் சுவரும்: ஆறு வருசம் இருந்து பாத்த கதை

முதல்ல ஒண்டு சொல்லிடுறன், வீடு என்ட இல்ல. மனிசிட அம்மம்மாக்கு சீதனமா குடுத்தது, மறுகா மாமிக்கு, இப்ப இவக்கு. எங்கட பக்கம் வீடு எண்டா பொம்புளப் புள்ளைக்குத்தானே. நான் வந்து குடியிருந்து பெயின்ட் அடிச்ச ஆள், அதுவும் முதல் தரம் பிழையா அடிச்ச ஆள்.

இடம் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதி, ஒரு பக்கம் வாவி மற்றப் பக்கம் கடல், அதால உப்புக் காத்துக்குக் குறைவில்ல. முன்னுக்கு நீள விறாந்தை, நாலு உருண்டைத் தூண், முதிரைக் கதவு, நடுவில ஒரு சின்ன முற்றம், மேல கள்ளிக்கோட்டை ஓடு. 78 நவம்பர் சூறாவளில ஓடு முக்கால்வாசி பறந்தும் கூரை மரம் அசையாம நிண்டிச்சு எண்டு மாமி இப்பவும் பெருமையா சொல்லுவா. 2019ல திருத்தக்குள்ள ஓட்டக் கழட்டிப் பாத்தா அடியில மங்களூர் கொம்பனிட பேர் குத்தி இருக்கு, நாம காலம் காலமா கள்ளிக்கோட்டை ஓடு எண்டு சொல்லிட்டு இருக்கம். உடைஞ்சதுக்கு, பழைய வீடு இடிச்ச இடங்கள்ல தேடி அதே அளவு ஓடு எடுத்தம். புது ஓடு கொளுவல்ல.

எங்கட பிளான் இதுதான்: வெளியால ஒண்டும் தொடுறதில்ல, உள்ளுக்க மட்டும் நல்லா துணிஞ்சு மொடர்னா செய்றது. ஹோல்ல ஒரு சுவர் முழுக்க மயில்நீலம், குசினில மஞ்சள் கபட், அறையில கறுப்பு வெள்ளை டைல்ஸ், பாத்ரூம்ல மெட் கறுப்பு பைப், முற்றத்துக்கு மேல ஒளி வாற பொலிகார்பனேட் ஷீட். முடிச்ச அண்டு மாமி வந்து சுவரைப் பாத்துட்டு, "என்ன மகன், சப்பறத்துக்கு பூசுற நிறத்த வீட்டுக்க பூசி வெச்சிரிக்கிங்க" எண்டா. வாற ஆக்களுக்கெல்லாம் நல்லாப் பிடிச்சிது. ஒரு மாரி வரும் வரைக்கும்தான்.

மாரி தொடங்கி ரெண்டு மாசத்தில நீலச் சுவர்ட அடியில ரெண்டடி உயரத்துக்கு வெள்ளையா உப்புப் பூத்து, பெயின்ட் பொரிச்ச அப்பளம் மாதிரி கொப்பளிச்சிட்டு. பழைய மேசன் பாஸ் ஒராள் முதலே சொன்னவர், "தம்பி இது சுண்ணாம்புச் சுவர், இந்த பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சா மூச்சு முட்டிரும்" எண்டு, நான்தான் கேக்கல்ல. விசயம் என்னண்டா இந்தச் சுவர் நிலத்தில இருந்து ஈரத்த இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சு எண்டா அது மெல்ல மெல்ல வெளியால போய்க் காஞ்சிரும், மேல இமல்ஷன், அதுதான் அந்த பிளாஸ்டிக் பெயின்ட், அடிச்சா ஈரம் போக வழியில்லாம உப்பையும் சேத்து பெயின்டத் தள்ளும். அதுக்கு மேல நான் செய்த மற்றப் பிழை, வெடிச்ச இடத்த சீமெந்தால பூசினது. ஈரம் இன்னும் மேல ஏறி மூண்டடிக்கு வந்திட்டு. கடைசில எல்லாத்தையும் சுரண்டி எடுத்து, அதே பாஸ கூப்பிட்டு (ஒரு சொல்லு குத்திக் காட்டல்ல, நல்ல மனிசன்) சுண்ணாம்பும் மணலும் போட்டு பூசி, மேல வெள்ளச் சுண்ணாம்பு அடிச்சம். முந்தி எங்கட பக்கம் முருகைக்கல் (கடல் பவளப்பாறை) சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தது, இப்ப அது தோண்டத் தடை, கடையில வாங்கினதுதான்.

அப்ப மயில்நீலம் எங்க போச்செண்டு கேப்பிங்க. சுண்ணாம்புல அந்தளவு கடும் நிறம் எடுபடாது, வெளிறிரும். அதால நீலத்த நாங்க புதுசா கட்டின பின்பக்கத்து கல்லுச் சுவருக்கு மாத்தினம், அங்க இண்டைக்கும் ஒரு கொப்பளம் இல்ல. ஹோலுக்கு நிறம் வேணுமெண்டு மருதமுனைக் கைத்தறில கடும் சிவப்பும் மஞ்சளும் கோடு போட்ட துணி எடுத்து கர்ட்டினும் குஷன் உறையும் தச்சம். உண்மையா சொல்றன், வெள்ளச் சுவருக்கும் பழைய சிவப்பு சீமெந்து நிலத்துக்கும் நடுவில அந்தத் துணி நிக்கிற மாதிரி நீலச் சுவர் நிக்கவேயில்ல. சாயம் மட்டும் முதல் ரெண்டு கழுவலுக்கு இறங்கும், தனியா கழுவுங்க.

அடுத்த பெரிய பிழை முற்றம். சாரல் அடிக்குதெண்டு ஷீட் போட்டு மூடினதுதானே, கச்சான் எண்ட சூட்டுக் காத்து தொடங்கினதும் ஹோல் பாண் போறணை மாதிரி ஆகிட்டு. உள்ளுக்க இருக்கிற சூடு அந்த முற்றத்தாலதான் மேல போகும், அது போனாத்தான் விறாந்தைப் பக்கத்தால புதுக் காத்து உள்ளுக்க வரும், நாங்க மூடியக் கொண்டு போய் அடைச்சிட்டம். ஜெப்ரி பாவா எண்ட பேர் போன கட்டிடக் கலைஞர் கொழும்பில 33வது லேன்ல நாலு சின்ன வீட்ட ஒண்டாக்கி செய்த வீட்டுல பழைய கதவு தூணெல்லாம் மொடர்னோட சேத்து வெச்சிருக்கிற போட்டோ பாத்துத்தான் எங்களுக்கே இந்த ஆசை வந்திச்சு, அந்த ஆள் இடைக்கிட சின்னச் சின்ன முற்றத்தத் திறந்து விட்டிருக்கிறத மட்டும் எங்கட கண் பாக்கல்ல. 2022 மார்ச் கடைசில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அந்த நேரம் ஏசி அறையில ஒராளும் இருக்கல்ல, எல்லாரும் விறாந்தையில பாய் போட்டுப் படுத்தம். அடுத்த கிழமையே ஷீட்டக் கழட்டி, ஓட்டுக்கு மேல ரெண்டடி உயத்தி, சுத்திவர இடைவெளி விட்டுப் பூட்டினம். இப்பவும் பலத்த மழைக்கு சாரல் வரும், துடைக்கிறதுதான்.

மற்றதுகள சுருக்கமா சொல்றன். மெட் கறுப்பு பைப் எங்கட சவர்த் தண்ணிக்கு வேணவே வேணாம், ஒரு கிழமையில வெள்ளைத் திட்டு, தேய்ச்சா கறுப்பும் போகும். குசினி மஞ்சள் கபட் நிறம் அப்படியே இருக்கு, ஆனா அடிப்பலகை ஈரம் குடிச்சு ஊதிட்டு, கொம்பனிக்கு மூண்டு தரம் கோல் எடுத்தும் வரல்ல, ஊர் ஓடாவியாரப் பிடிச்சு வேப்பம் பலகை போட்டம். புதுக் கதவுகளுக்குப் போட்ட மினுமினுப்புப் பிணைச்சல் துருப்பிடிச்சிட்டு, முதிரைக் கதவுட பித்தளைப் பிணைச்சல் எத்தின வயசோ, சத்தமே இல்ல. கறுப்பு வெள்ளை டைல்ஸ் நல்லம், கச்சானுக்கு மட்டும் புழுதி தெரியும்.

இந்த மாரி முடிய பின்னறைக் கதவுக்கு கடும் சிவப்பு அடிக்க யோசிக்கிறம். மாமி இன்னும் ஓம் சொல்லல்ல.