ஆவாரை விதை பாக்கெட்: விதை நல்லாருக்கு, பின்னாடி போட்டிருக்க குறிப்ப மட்டும் நம்பாதீங்க

போன வருஷம் ஆன்லைன்ல வாங்குன ஆவாரை விதை, பூ பாத்துட்டு தான் ரிவ்யூ போடணும்னு வெச்சிருந்தேன், அதான் இவ்ளோ லேட். பாக்கெட்ல 30 விதைன்னு இருந்துச்சு, எண்ணுனா 34, பூச்சி அரிச்சது ஒண்ணு கூட இல்ல.

ஆனா பின்னாடி "தொட்டியில் விதைத்து தினமும் நீர் விடவும்"னு பிரிண்ட் பண்ணிருக்காங்க பாருங்க, அத நம்பி தான் முதல் 10 விதை வீணா போச்சு. மூணு வாரம் தண்ணி ஊத்தி ஊத்தி பாத்தேன், ஒண்ணும் மொளைக்கல, கிளறி பாத்தா போட்டது போட்டபடி கல்லாட்டம் கிடக்கு. ஆவாரை விதைக்கு தோல் அவ்ளோ கெட்டிங்க, தண்ணியே உள்ள எறங்காது. அடுத்த தடவ தண்ணிய கொதிக்க வெச்சு எறக்கி விதை மேல ஊத்தி ராத்திரி பூரா அப்படியே விட்டுட்டேன், காலைல பாதிக்கு மேல நல்லா உப்பி நின்னுச்சு, உப்பாததெல்லாம் உப்புத்தாள்ல ஒரு ஓரமா லேசா தேச்சு திரும்ப ஊறப்போட்டேன். 24ல 17 மொளைச்சுது!

அதுல ரெண்டு ஆவாரையே இல்ல, தகரைன்னு அதே மாதிரி மஞ்சள் பூ பூக்கற களைச்செடி. விதை பொறுக்குறப்ப கலந்திருக்கும் போல. கொஞ்சம் வளந்ததும் தெரிஞ்சுடும், தகரைக்கு ஒரு இலைக்காம்புல மூணு ஜோடி குட்டி இலை தான், ஆவாரைக்கு எட்டு, பத்து ஜோடின்னு வரிசையா போகும், காம்பு அடில ரெண்டு பக்கமும் குட்டி காது மடல் மாதிரி வட்டமா ஒட்டிட்டு இருக்கும். அந்த காது இருந்தா சந்தேகமே வேணாம்.

இன்னொண்ணு, ஆணிவேர் சரசரன்னு கீழ எறங்கிடும், அதனால சின்னதா இருக்கறப்பவே தரைல வெச்சிடுங்க. நான் லேட்டா மாத்துன நாலு செடி பொழைக்கல. வேர் புடிக்கற வரைக்கும் தான் தண்ணி, அப்புறம் விட்டுடணும், மனசு கேக்காம தினமும் ஊத்துன ரெண்டு செடி வேர் அழுகி போச்சு, ஒரு சொட்டு கூட ஊத்தாதது கோடை முழுக்க பச்சையா நின்னுச்சு.

இப்ப பூக்குது. இதழ் ஓரமெல்லாம் கசங்குன மாதிரி சுருக்கம், அப்படி ஒரு மஞ்சள். இந்த பூவுல தேன் கிடையாது, மகரந்தத்துக்காக தான் கருவண்டு வருது, பூவ கட்டிப்புடிச்சு உடம்ப அதிர விடும், அப்ப அதோட ரீங்காரமே சுருதி மாறி கேக்கும், மகரந்தம் பொசுக்குன்னு வயித்துல கொட்டும். தினமும் காலைல அதுக்குன்னே போய் நிக்கறேன். இலைல பச்சை புழு இருந்தா தயவு செஞ்சு மருந்து அடிக்காதீங்க, வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியோட குஞ்சு அது, செடி தானா திரும்ப துளுத்துடும்.

4 ஸ்டார். சுடுதண்ணில ஊற வைங்கன்னு அந்த ஒரு வரி மட்டும் சேத்திருந்தா 5 குடுத்திருப்பேன். காய் தட்டையா தொங்க ஆரம்பிச்சிருச்சு, காஞ்சதும் அடுத்த வரிசைக்கு என் செடியோட விதையே போதும்.